ஊசியின் மூன்றாவது துண்டு

என் தங்கையின் கணவர் அளவுக்குப் பயந்த மனிதரை நான் பார்த்ததில்லை. இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். பயந்தவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, என் பக்கம் இருக்கும் இரண்டாவது பிரேக்கில் கால் வைத்தே பிழைப்பவன். பயந்தவர்களில் ஒரு ரகம் எதைப் பார்த்தாலும் பிரேக்கை மிதிக்கும். இன்னொரு ரகம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிலையாகிவிடும். மாப்பிள்ளை இந்த இரண்டிலும் சேராதவர். என்னிடம் கற்றுக்கொள்ள வந்த முதல் நாள், வண்டியில் ஏறுவதற்கு முன் நான்கு சக்கரத்துக்கு அடியிலும் குனிந்து பார்த்தார்.

"என்ன மாப்ள தேடறீங்க?" என்றேன்.

"பூனை ஏதாவது படுத்திருக்கப் போகுது மச்சான்."

மறுநாளும் குனிந்து பார்த்தார். பார்த்து முடித்து ஏறி உட்கார்ந்தவர், அதற்குள் ஒன்று புதிதாக வந்து படுத்திருந்தால் என்ன செய்வது என்று மறுபடியும் இறங்கினார். உங்களுக்கு பஸ்தான் சரி என்று சொல்லிவிட்டேன். அவருக்கும் நிம்மதி, ரோட்டில் போகிறவர்களுக்கும் நிம்மதி.

அவருடைய தொழில் தையல். மீசை முளைத்த காலத்திலிருந்து ஒரு பெரிய ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அங்கே ஒரு கண்டிப்பான வழக்கம் இருந்தது. மெஷினில் ஊசி உடைந்தால் அந்த நொடியே காலை எடுத்துவிட்டுக் கையைத் தூக்க வேண்டும். உடைந்த துண்டுகளையெல்லாம் தேடி எடுத்து, ஒரு டேப்பில் வரிசையாக ஒட்டி, முழு ஊசியாகச் சேர்த்துக் காட்ட வேண்டும். காட்டினால்தான் புது ஊசி தருவார்கள். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த வரிசையில் இருக்கும் அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். எங்கேயோ ஒரு வீட்டில் ஒரு குழந்தை புதுச் சட்டை போடும்போது ஊசி முனை அதன் கழுத்தில் குத்திவிடக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். துண்டுகள் சேர்ந்ததும் சூப்பர்வைசர் அம்மா டேப்பை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார். இடைவெளி இல்லையென்றால், "சரி, லைன் ஓடட்டும்" என்பார். அப்புறம்தான் எல்லோருக்கும் மூச்சு வரும்.

மற்றவர்களுக்கு இது தொல்லை. மாப்பிள்ளைக்கோ இது வரம். பயப்படுவதையே வேலையாகக் கொடுத்தால் அவர் விடுவாரா? யார் மெஷினில் ஊசி உடைந்தாலும் இவர்தான் தரையில் விழுந்து தேடுவார். துணிக்குள் ஊசி இருக்கிறதா என்று சோதிக்கும் டிடெக்டர் மெஷின் கத்துவதற்கு முன்பே இவர் துண்டோடு வந்து நிற்பார் என்பதால் அங்கே இவருக்கு டிடெக்டர் என்று பேர். தொழிற்சாலையை மூடிய பிறகு வீட்டின் முன்னறையில் மெஷின் போட்டு, பேன்ட் நீளம் குறைப்பது, இடுப்பு பிரிப்பது, ஜிப் மாற்றுவது என்று பிழைக்க ஆரம்பித்தார். பேரும் கூடவே வந்துவிட்டது, வழக்கமும் வந்துவிட்டது. வீட்டில் தனியாகத் தைக்கும்போது ஊசி உடைந்தாலும் டேப்பில் ஒட்டுவார். ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்ப்பார். தனக்குத் தானே "லைன் ஓடட்டும்" என்று சொல்லிக்கொள்வார். நான் கேலி செய்யாத நாள் இல்லை. ஒரே ஆள் உள்ள லைனுக்கு ஒரு சூப்பர்வைசர் என்பேன். அவர் சிரிப்பார், அடுத்த முறையும் ஒட்டுவார்.

கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத்தான் அவர்களுக்குக் குழந்தை. அதற்கு முன் இரண்டு முறை நம்பிக்கை கொடுத்துக் கைநழுவிப் போனது. மூன்றாவது தங்கியது. பெண் குழந்தை. என் தங்கை ஆஸ்பத்திரியில் நர்ஸ், விடுப்பு முடிந்ததும் வேலைக்குப் போக வேண்டிய கட்டாயம். பகலெல்லாம் பாப்பா அப்பாவோடுதான். அதுவரை உலகத்தைப் பார்த்துப் பொதுவாகப் பயந்துகொண்டிருந்த மனிதருக்கு, பயப்படுவதற்கென்றே ஒரு ஆள் வீட்டுக்குள் வந்துவிட்டாள். அவள் தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைப்பார். அழுதால் ஏன் அழுகிறாள் என்று பயம். அழாவிட்டால் ஏன் அழவில்லை என்று பயம்.

பாப்பா தவழ ஆரம்பித்தபோது இருமல் வந்தது. விட்டு விட்டு, காய்ந்த இருமல். மருந்துக்கு அடங்காமல் மறுபடி மறுபடி வந்தது. டாக்டர் எல்லாம் விசாரித்துவிட்டு, வீட்டில் துணிப் பஞ்சு பறக்கிறது, பெருக்கினால் இன்னும் கிளம்பும், தரையோடு தரையாக இருக்கிற குழந்தை அதைத்தான் சுவாசிக்கிறது என்றார். மாப்பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது. தன் தொழில் தன் குழந்தையின் நெஞ்சுக்குள் போகிறது என்று யாராவது சொன்னால் எந்த அப்பன்தான் ஆடிப்போகமாட்டான்? தங்கைதான் யோசனை சொன்னாள். தானே ஓடிப் பெருக்கி, தானே போய்த் தன் பெட்டிக்குள் குப்பையைக் கொட்டிவிடும் ரோபோ மெஷின் இருக்கிறது, அதை வாங்கிவிடலாம் என்றாள்.

கடையில் அவர் பண்ணியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மானம் போகும். விற்பனைப் பெண் தரையில் கொஞ்சம் உப்பைத் தூவி மெஷினை ஓட்டிக் காட்டினாள். உப்பு காணாமல் போனது. "நம்ம வீட்டுல எதுக்கு உப்பு கொட்டப் போகுது" என்று முணுமுணுத்துவிட்டு, மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அந்தப் பளபளத் தரையில் கவிழ்த்தார். நூல் துணுக்குகள், ஜீன்ஸ் துணியின் நீலப் பஞ்சு, ஒரு சட்டைப் பொத்தான், வளைந்த குண்டூசி ஒன்று. எல்லாம் சொந்த வீட்டுச் சரக்கு. சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் பக்கத்திலிருந்த ஒரு ஃபிரிட்ஜைத் திறந்து உள்ளே எதையோ பரிசோதிக்கிற மாதிரி நின்றுகொண்டேன்.

மெஷின் எல்லாவற்றையும் விழுங்கியது. பிறகு தன் பெட்டியிடம் ஊர்ந்து போய் ஒட்டிக்கொண்டு ஒரு உறுமல் உறுமியது. மாப்பிள்ளை பின்னால் துள்ளி என் காலை மிதித்தார்.

"எங்க போச்சு எல்லாம்?"

"பெட்டிக்குள்ள ஒரு பை இருக்கு சார், அதுக்குள்ள போயிடும். பை மூடியே இருக்கும். ரெண்டு மாசத்துக்கு நீங்க தொடவே வேண்டாம். நிறைஞ்சதும் அப்படியே எடுத்துத் தூக்கிப் போட்டுடலாம்."

"உள்ள என்ன போச்சுன்னு பாக்கணும்னா?"

அந்தப் பெண்ணுக்குக் கேள்வியே புரியவில்லை. "பாக்க வேண்டாம்னுதானே சார் இத வாங்கறாங்க."

"தொட வேண்டாம், சரி. பாக்கணுமே."

அவள் பொறுமைசாலி. பையில்லாத இன்னொரு மெஷினைக் காட்டினாள். அதன் பெட்டியில் கண்ணாடி மாதிரி ஒரு டப்பா, உள்ளே போன நூலும் பஞ்சும் அப்படியே தெரிந்தன. மாப்பிள்ளை அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டார். அவருக்காகவே செய்த மாதிரி இருந்தது. ஆனால் அதைக் கொட்டிக் காட்டுங்கள் என்றார். அவள் டப்பாவைத் திறந்து தட்டினாள். சாம்பல் நிறத்தில் ஒரு புகை கிளம்பி அவள் முகத்தை மறைத்தது. அவளே இரண்டு தும்மல் போட்டாள்.

அவர் இரண்டுக்கும் நடுவில் நின்றார். முதலில் எனக்கு எரிச்சல்தான். வகுப்புக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஒரு துடைப்பம் வாங்க இவ்வளவு கூத்தா என்று வாய் வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

"இதுல தெரியும், ஆனா தூசி வெளிய வரும் மச்சான். அதுல தூசி வராது, ஆனா தெரியாது."

தங்கை குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு சொன்னாள். "பாப்பாவுக்கு இன்னிக்கு இருக்கறது இருமல். இன்னிக்கு இருக்கற பயத்துக்கு வாங்குங்க. நாளைக்கு வர்ற பயத்த நாளைக்குப் பாத்துக்கலாம்."

பை வைத்த மெஷினையே வாங்கினார்கள்.

அதற்கு வீட்டில் ஆமை என்று பேர் வந்தது. பாப்பாதான் அதற்கு முதல் ரசிகை. அது நகர்ந்தால் இவளும் தவழ்ந்து துரத்துவாள், பிடித்தால் முதுகில் ஓங்கி ஒரு அடி வைப்பாள். முதுகில் இருக்கும் பொத்தானில் அடி பட்டால் அது வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் பெட்டிக்குத் திரும்பிவிடும். அவளுக்கு அதில் பெரிய வெற்றி. ஆனால் மாப்பிள்ளை சட்டம் போட்டிருந்தார். தையல் மெஷின் ஓடும்போதும் சரி, ஆமை ஓடும்போதும் சரி, பாப்பா உள்ளறையில் இருக்க வேண்டும். உள்ளறை வாசலில் ஒரு மரத் தடுப்புக் கதவு, அதில் தாழ்ப்பாள். முற்பகலில் பாப்பா தூங்கும் நேரத்துக்கு ஆமை தானாகக் கிளம்பும்படி அவரே நேரம் வைத்திருந்தார். மறந்துவிடுவோமோ என்ற பயம், வேறென்ன. இருமல் குறைந்தது. அவர் கொஞ்சம் சதை போட்டார். ஒருநாள் டீ குடித்துக்கொண்டே, "நல்லதுதான் வாங்கினோம் மச்சான்" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு நிம்மதியான பேச்சு வந்ததே எனக்கு அபசகுனமாகப் பட்டது.

அன்றைக்கு ஒரு ஜீன்ஸின் கால் மடிப்பைத் தைத்துக்கொண்டிருந்தார். பக்கத் தையல் வந்து சேரும் இடத்தில் துணி தடித்துக் கிடக்கும். அங்கே ஊசி உடைந்தது. காலை எடுத்தார். மேல் துண்டு மெஷினிலேயே இருந்தது. நடுத்துண்டு தகட்டின் மேல் கிடந்தது. இரண்டையும் டேப்பில் ஒட்டிச் சட்டைப் பைக்குள் வைத்தார். முனைத் துண்டைக் காணவில்லை. ஜீன்ஸை ஒரு வெள்ளைத் துணியின் மேல் உதறிப் பார்த்தார். இல்லை. அப்படியானால் தரையில்தான். ஊசி தேடுவதற்கென்று ஒரு குச்சியின் நுனியில் காந்தம் கட்டி வைத்திருப்பார். அது பால்கனியில் மாட்டியிருந்தது. பால்கனிக்கு உள்ளறை வழியாகத்தான் போக வேண்டும். பாப்பா அன்றைக்குச் சரியாகத் தூங்காமல் விழித்துப் பாயில் உட்கார்ந்து துணிப் பொம்மையின் காதைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். தடுப்புக் கதவைத் தாழிடவில்லை. இதோ திரும்பப் போகிறோமே என்ற எண்ணம். அத்தனை வருஷப் பயத்தில் அந்த ஒரு நிமிஷம் மட்டும் அவர் பயப்பட மறந்துவிட்டார்.

காந்தக் குச்சி காய்ந்த துணிகளுக்குப் பின்னால் விழுந்து கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு திரும்பியபோது பாயில் பாப்பா இல்லை.

முன்னறைத் தரையில் இரண்டு பேர் இருந்தார்கள். இருவரும் தவழ்கிறவர்கள், இருவரும் கண்ணில் பட்டதை வாயில் போட்டுக்கொள்கிறவர்கள். ஆமை தன் நேரத்துக்குக் கிளம்பி வந்திருந்தது. பாப்பா துரத்திப் போய் முதுகில் ஒரு அடி வைத்திருக்க வேண்டும், அது பெட்டிக்குத் திரும்பி உறுமிக்கொண்டிருந்தது. பாப்பா தையல் மெஷினின் பெடல் அருகே உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தாள். அவர் பாய்ந்து வாய்க்குள் விரலை விட்டார். ஒரு சிவப்பு நூல் வந்தது. அவ்வளவுதான். பிறகு அவள் இருமினாள்.

நான் குடியிருப்பது அவர்களுக்குக் கீழ் வீட்டில்தான். அடுத்த ஆள் வகுப்புக்கு வரக் காத்திருந்தேன். ஃபோனில் அவர் குரல், "மேல வாங்க மச்சான்" என்றது. வேறு எதுவும் சொல்லவில்லை. சாதாரணமாக ஒரு கொசு கடித்தால்கூடப் பத்து வாக்கியம் பேசுகிற மனிதர்.  செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

அவர் பாப்பாவை என் கையில் திணித்தார். நடந்ததைத் துண்டு துண்டாகச் சொன்னார். நான் கேட்டது பாதி, புரிந்தது கால்வாசி. புரிந்த வரைக்கும் போதுமாக இருந்தது.

"வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றேன்.

"தரையெல்லாம் காந்தத்த ஓட்டிப் பாத்துட்டேன், இல்ல. பையப் பிரிச்சுப் பாத்துடறேன் மச்சான். முனை அதுல இருந்தா இவ உள்ள இல்ல. அஞ்சே நிமிஷம். நீங்க இவள வெளிய கொண்டு போங்க, தூசி கிளம்பும்."

அந்த நேரத்திலும் அவருக்குத் தூசியின் ஞாபகம் இருந்தது. நான் மாடிப்படியில் பாப்பாவோடு நின்றேன். கதவுக்குப் பின்னால் கத்தரிக்கோல் பையைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. பாப்பா என் மூக்கைப் பிடித்து இழுத்தாள். நன்றாகத்தான் இருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டேன். ஊசியை விழுங்கிய குழந்தை இப்படிச் சிரிக்குமா? சிரித்தாலும் சிரிக்கும், எனக்கு என்ன தெரியும்? எத்தனையோ பேருக்கு மேட்டிலும் பள்ளத்திலும் பிரேக் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான். அங்கே நின்றபோது எனக்கு முன்னால் மிதிப்பதற்கு எதுவுமே இல்லை. அவள் மறுபடி இருமினாள். இருமலோடு கொஞ்சம் பால் வந்து என் சட்டையில் விழுந்தது. அதில் சிவப்பாக ஒன்று.  விரலால் தொட்டுப் பார்த்தேன். இன்னொரு நூல் துணுக்கு. ரத்தமில்லை என்று தெரிந்தும் அங்கே நிற்க முடியவில்லை. கதவைக் காலால் உதைத்துத் திறந்தேன்.

வெள்ளைத் துணி முழுவதும் சாம்பல் நிறப் பஞ்சு மலை. அதற்கு நடுவில் மாப்பிள்ளை முட்டி போட்டு, முழங்கை வரை பஞ்சு ஒட்ட, இரண்டு கையாலும் அதைப் பிசைந்து பிசைந்து தேடிக்கொண்டிருந்தார். காந்தக் குச்சியில் குண்டூசிகளும் ஒரு கொக்கியும் ஒட்டியிருந்தன. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இல்ல மச்சான். இதுல இல்ல. அப்போ..."

 அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே வந்தேன்.

வகுப்புக்கு வந்த ஆள் காருக்குப் பக்கத்தில் நின்றார். அவரை ஒதுக்கித் தள்ளிவிட்டு வண்டியை எடுத்தேன். கூரையில் பழகுநர் பலகை, உள்ளே என் ஓட்டம் பழகுநரைவிட மோசம். இரண்டு இடத்தில் கியர் மாற்றத் தெரியாமல் வண்டி குலுங்கி நின்றது. பின்சீட்டில் அவர் பாப்பாவை மார்போடு அணைத்திருந்தார். கண்ணாடியில் பார்த்தேன். பேயறைந்த முகம், உதடு மட்டும் அசைந்தது. என் வண்டியில் ஏறிய நாளெல்லாம் மெதுவா மெதுவா என்று உயிரை வாங்கிய மனிதர், அன்றைக்கு, "வேகமா போங்க மச்சான்" என்றார். அதைக் கேட்டபோதுதான் நான் நிஜமாகவே பயந்தேன்.

தங்கையின் ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். அவள் மேல் மாடியில் வேலையில் இருந்தாள். தகவல் போய்க் கீழே ஓடி வந்தாள். எப்படி நடந்தது, எங்கே போனீர்கள், கதவை ஏன் திறந்து விட்டீர்கள், ஒன்றும் கேட்கவில்லை.

"எத்தன துண்டு கெடச்சுது?" என்றாள்.

"ரெண்டு."

"முனை?"

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். அவள் குழந்தையை வாங்கிக்கொண்டு டாக்டரிடம் நடந்தாள். அவள் முதுகு நேராகத்தான் இருந்தது, செருப்பு மட்டும் ஒரு காலில் கழன்று அங்கேயே கிடந்தது.

எக்ஸ்ரே எடுக்கும் அம்மா வாட்டசாட்டமானவர். குழந்தை நெளியும், இரண்டு பேர் பிடிக்க வேண்டும் என்றார். இருவருக்கும் கனமான கவசம் மாட்டிவிட்டார். தங்கை பாப்பாவின் கைகளைத் தலைக்கு மேல் பிடித்தாள். மாப்பிள்ளை இடுப்பையும் காலையும் சேர்த்துப் பிடித்தார். நான் வெளியே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், திரையைப் பார்க்கிற இடத்தில் நின்றேன். பாப்பா வீடே இடிகிற மாதிரி அழுதாள்.

படம் திரையில் வந்தது. சின்னச் சின்ன எலும்புகள், சீப்புப் பற்கள் மாதிரி விலா. கீழே, இடுப்போரத்தில், கண் இமை முடி அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு. எக்ஸ்ரே பார்க்கத் தெரியாத எனக்கே தெரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டேன். உள்ளேயிருந்து இருவரும் வந்தார்கள். தங்கை பார்த்தாள், பாப்பாவை இறுக்கிக்கொண்டாள். மாப்பிள்ளை திரையருகே குனிந்து அந்தக் கோட்டின் உடைந்த பக்கத்தைப் பார்த்தார்.

"என் ஊசிதான்" என்றார். "சாய்வா ஒடஞ்சிருக்கு பாருங்க. இதேதான்."

அப்படிச் சொன்ன குரலை நான் மறக்கவே மாட்டேன். அழுகை இல்லை, நடுக்கம் இல்லை. பயத்துக்கு அடியில் இருக்கிற இடத்துக்கு அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

எக்ஸ்ரே அம்மா மட்டும் மூக்கு திரையில் முட்டுகிற அளவுக்கு நெருங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் கொஞ்சம் பேசாம இருங்க. இது கொழந்தையோட இடுப்பு எலும்பு. சரி. இந்த ஓரத்துல இது என்ன? இது வெரல். பெரிய ஆள் வெரல். இந்தப் பக்கம் கால யாரு புடிச்சது?"

"நான்தான்."

"கையக் காட்டுங்க."

காட்டினார். ஒன்றும் தெரியவில்லை. காய்த்துப்போன தோல், அதில் ஊசி குத்திய பழைய தழும்புகள், மேலே சாம்பல் பஞ்சு. அந்த அம்மா அவர் கையைத் தனியாகத் தட்டில் வைத்துப் படம் எடுத்தார். கட்டை விரலின் அடியில், சதைக்குள், அதே வெள்ளைக் கோடு. பிறகு பாப்பாவை மறுபடி படுக்க வைத்து, இந்த முறை தங்கை ஒருத்தியே பிடித்துக்கொள்ள, இன்னொரு படம். சீப்புப் பற்கள், சின்ன எலும்புகள், வேறு எதுவும் இல்லை.

முனை அந்தப் பைக்குள்தான் இருந்திருக்கிறது. ஆமைதான் விழுங்கியிருக்கிறது. இவர் பஞ்சைப் பிசைந்து தேடியபோது கைக்குள் ஏறிவிட்டது. தேடியது கிடைத்தும் கிடைத்தது தெரியாத அளவுக்கு மனிதர் பயந்திருக்கிறார்.

"அப்போ இவ உள்ள?" என்றார்.

"இல்லீங்க. ஒண்ணுமில்ல."

"இன்னொரு தடவ பாத்துடுங்களேன்."

"ரெண்டு தடவ பாத்தாச்சு" என்று அந்த அம்மா அதட்டினார். டாக்டர் வந்து பாப்பாவின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, நெஞ்சு முன்பைவிடத் தெளிவாக இருக்கிறது, இது சாதாரணச் சளி என்றார். எனக்குப் பயம் போனால் கோபம்தான் வரும். கையில் ஊசி ஏறியது தெரியாத ஒரு மனிதர் இருப்பாரா, என் காரின் கியர் பெட்டியே போய்விட்டது என்று யாரிடமோ கத்திக்கொண்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை. கத்திக்கொண்டிருக்கும்போதே என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

டாக்டர் சின்னதாகக் கீறிக் கொடுக்க, தங்கையே இடுக்கியால் முனையை எடுத்தாள். குப்பைத் தட்டில் போடப் போனாள். மாப்பிள்ளை அவள் மணிக்கட்டைப் பிடித்தார். மறு கையால் சட்டைப் பையிலிருந்து அந்த டேப்பை எடுத்தார். மேல் துண்டு, நடுத்துண்டு, அதற்குக் கீழே வெற்றிடம். முனையை வாங்கி ஒட்டப் பார்த்தார். முனை இரண்டு முறை நழுவியது. தங்கை இடுக்கியாலேயே அதை எடுத்து, நடுத்துண்டின் சாய்ந்த உடைப்போடு சாய்ந்த உடைப்பைச் சேர்த்து ஒட்டினாள். பிறகு எழுந்து டேப்பை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். வேண்டுமென்றே நிதானமாகப் பார்த்தாள். ஒரு முழு ஊசி.

"சரி" என்றாள். செருமிக்கொண்டாள். "லைன் ஓடட்டும்."

அவர் அப்போதுதான் அழுதார். நாற்காலியில் குனிந்து, தோள் குலுங்க, நெடுநேரம் அழுதார். நான் பாப்பாவை அவர் பக்கம் நீட்டினேன். அவளும் அப்பாவைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டு தாவினாள். அவர் வாங்கவில்லை. கட்டுப் போட்ட கையையும் போடாத கையையும் விரித்து முதலில் என் தங்கையிடம் நீட்டினார். அவள் இரண்டு உள்ளங்கையையும் ஒவ்வொரு விரலாகத் தன் விரலால் அழுத்தித் தடவிப் பார்த்தாள். பிறகு குழந்தையை வாங்கி அவரிடம் கொடுத்தாள்.